இஞ்சிவேர் இருமுறை கரையேறிய தீவு

கிரேக்க நாட்டின் மேற்குக் கடலில் கோர்ஃபு என்றொரு தீவு. அங்கே கோடையில் குடிக்கும் பானம் ஒன்றுக்கு ட்ஸிட்ஸிபீரா என்று பெயர். கிரேக்க மொழியில் 'பீரா' என்றால் பியர். 'ட்ஸிட்ஸி'க்கு அந்த மொழியில் பொருளே கிடையாது. ஆங்கிலேயச் சிப்பாய் 'ஜிஞ்சர் பியர்' என்று சொன்னதை, 'ஜ' என்ற ஒலி இல்லாத கிரேக்கக் காது இப்படி வாங்கிக்கொண்டது. பெண்பாற் சொல்லாக்க ஒரு 'ஆ'வையும் கடைசியில் ஒட்டிக்கொண்டது. எழுதும்போது சிலர் பியருக்குரிய எழுத்தைப் போட்டு எழுதுகிறார்கள், சிலர் வேறு இகரத்தைப் போடுகிறார்கள். சொல் காதுவழியே வந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பெயரில் பியர் இருந்தாலும் இது பிள்ளைகளும் குடிக்கும் மென்பானம். நிறம் கலங்கிய வெள்ளை, ஓரத்தில் சற்று மஞ்சள். மூக்குக்கு முதலில் எட்டுவது எலுமிச்சைத் தோலின் எண்ணெய் மணம். நாக்குக்குப் புளிப்பும் இனிப்பும். விழுங்கிய பிறகுதான் தொண்டையில் இஞ்சி எரியும். தண்ணீர், சீனி, எலுமிச்சைச் சாறு, எலுமிச்சை எண்ணெய், துருவிய இஞ்சி: சேர்மானம் இவ்வளவுதான். பெரிய பாத்திரத்தில் கலந்து புளிக்கவிட்டு, நுரை கட்டியதும் போத்தலில் அடைப்பார்கள். புதிதாகவே குடித்துவிட வேண்டும், நெடுநாள் தாங்காது.

கோர்ஃபு நகரத்தில் ஸ்பியானாடா என்ற பெரிய திடல் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் முழுக்க வளைவுகள் வரிசையாக நிற்கும் நீண்ட கட்டடம், பெயர் லிஸ்டன். 1807க்குப் பிறகு அங்கே இருந்த பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸின் ரிவோலி வீதியைப் பார்த்துக் கட்டியது. அந்த வளைவுகளுக்குக் கீழே கோப்பிக் கடைகள். கடைகளுக்கு எதிரே புல்வெளியில் கிரிக்கெட். 1823 ஏப்ரலில் பிரித்தானியக் கடற்படைக்காரர்களும் காவற்படைக்காரர்களும் அங்கே மோதினார்கள். கோர்ஃபுவில் பதிவான முதல் ஆட்டம் அது. ஆட்டம் இன்றும் தீவில் உயிரோடு இருக்கிறது. கிரேக்கத்தின் மற்றப் பகுதிகளில் மட்டையை யார் கண்டார்கள்? கோர்ஃபுக்காரர்களைப் பொறுத்தவரை ட்ஸிட்ஸிபீராவும் கிரிக்கெட்டும் ஒரே பெட்டியில் வந்த சாமான்கள்.

அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோர்ஃபு 1386 முதல் 1797 வரை வெனிஸ் குடியரசின் கையில் இருந்தது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள், இடையில் ரஷ்ய, ஒட்டோமான் ஆதரவில் ஒரு குட்டிக் குடியரசு, மறுபடி பிரெஞ்சுக்காரர்கள். நெப்போலியன் வீழ்ந்ததும், 1815இல் பாரிஸில் செய்த ஒப்பந்தப்படி, கோர்ஃபுவைத் தலைநகராகக் கொண்ட ஏழு தீவுகளும் 'அயோனியத் தீவுகளின் ஐக்கிய நாடுகள்' என்ற பெயரில் பிரித்தானியப் பாதுகாப்புக்குள் வந்தன. 1864இல் பிரித்தானியா அவற்றைக் கிரேக்க இராச்சியத்திடம் கொடுத்துவிட்டுப் போனது. இந்த அரை நூற்றாண்டுதான் ட்ஸிட்ஸிபீராவின் பிறந்த காலம்.

இந்த இடத்தில் இலங்கைத் தமிழ் வாசகர் சற்று நிமிர்ந்து உட்கார வேண்டும். கோர்ஃபுவில் பிரித்தானியாவின் சார்பில் ஆண்ட உயர் ஆணையாளர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். முதல் ஆள் சேர் தோமஸ் மெயிட்லண்ட். 1805 முதல் 1811 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர். கல்கிசைக் கடற்கரையில் இன்று ஹோட்டலாக நிற்கும் மாளிகையின் தொடக்கம் அவர் தனக்குக் கட்டிக்கொண்ட வீடு. ஸ்பியானாடா திடலின் ஓரத்தில் தூண்கள் சூழ்ந்த வட்ட மண்டபம் ஒன்று அவர் நினைவாக இருக்கிறது. 1841இல் கோர்ஃபுவுக்கு வந்த ஸ்டூவர்ட் மெக்கென்சியும் அதற்கு முன் நான்கு ஆண்டுகள் இலங்கையின் ஆளுநர்தான். 1849இல் வந்த சேர் ஹென்றி வார்ட் எதிர்த் திசையில் போனவர்: கோர்ஃபுவில் இருந்து 1855இல் கொழும்புக்கு, அங்கிருந்து 1860இல் சென்னைக்கு. கொழும்பு ஏழில் உள்ள வார்ட் பிளேஸ் அவர் பெயரில்தான் இருக்கிறது. சென்னையில் ஆளுநர் பதவி ஏற்ற சில வாரங்களில், ஆகஸ்ட் 2ஆம் தேதி, காலராவில் இறந்துபோனார். கடைசி உயர் ஆணையாளர் சேர் ஹென்றி ஸ்டோர்க்ஸ், ஜமைக்காவில் கறுப்பின மக்கள் 1865இல் கிளர்ந்த மொரான்ட் பே எழுச்சி அடக்கப்பட்ட பிறகு நிலைமையைக் கையாள அங்கே அனுப்பப்பட்டார்.

இலங்கை, கோர்ஃபு, ஜமைக்கா, நடுவில் மால்ட்டா. ஒரே ஆட்கள் தீவு விட்டுத் தீவு மாறிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு படைகள், படைகளோடு சமையற்கட்டுகள், சமையற்கட்டுகளோடு ஜிஞ்சர் பியர். அதனால்தான் ஒன்றையொன்று பார்த்தறியாத தீவுகளில் ஒரே பானம் ஊர்ப் பானமாக நிற்கிறது. ஜமைக்காவில் அது வீட்டுக்கு வீடு. இலங்கையில் யானை மார்க்கின் ஜிஞ்சர் பியருக்கு ஈஜிபி என்ற செல்லப் பெயர் போதும். கலியாண வீட்டில் புரியாணி சாப்பிட்டு வயிறு கனத்தால் கை தானாக அந்தப் போத்தலைத்தான் தேடும்.

இதை எழுதும்போது ஹென்றி வார்டை வெறும் வீதிப் பெயராக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 1849இல் கோர்ஃபுவுக்குத் தெற்கே கெஃபலோனியா தீவில் விவசாயிகள் கிளர்ந்தபோது இராணுவச் சட்டம் போட்டு, இருபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிலிட்டு, இன்னும் பலரைச் சவுக்கால் அடிப்பித்தவர் அவர். வார்ட் பிளேஸில் டொக்டரைப் பார்க்கக் காத்திருந்த நாட்களில் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கிரேக்கத் தீவின் தூக்குமரம் இருந்தது எனக்குத் தெரியாது. ஆண்டவர்களை அந்தத் தீவுக்காரர்கள் நேசித்ததால் இஞ்சிப் பானத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று சுற்றுலாக் கையேட்டு நடையில் எழுதுவது பிழை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அயோனியத் தீவுகளின் அரசியல் முழுக்கக் கிரேக்கத்தோடு இணைய வேண்டும் என்ற ஏக்கமாக இருந்தது. ஆட்சியை வேண்டாம் என்றவர்கள் பானத்தை வைத்துக்கொண்டார்கள். நாமும் அப்படித்தானே பாணையும் தேயிலையையும் வைத்துக்கொண்டோம்.

சரி, ஜிஞ்சர் பியர் ஆங்கிலேயர்களுக்கு எங்கிருந்து வந்தது? 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், யோர்க்ஷயர் பக்கம் அது தொடங்கியது என்பார்கள். ஆனால் யோர்க்ஷயரில் இஞ்சியும் விளையாது, கரும்பும் விளையாது. இரண்டும் கரீபியன் தீவுகளில் அடிமைகளாக வைக்கப்பட்ட ஆபிரிக்கர்களின் உழைப்பில் விளைந்து கப்பலில் வந்தவை. ஜமைக்காவின் காய்ந்த இஞ்சிக்கு இங்கிலாந்தில் தனி மதிப்பு. அந்த இஞ்சியும் ஆசியாவிலிருந்து ஸ்பானியர் கொண்டுபோய் நட்டது. மலிவான சீனியும் மலிவான இஞ்சியும் ஒன்றாகக் கையில் கிடைத்த பிறகுதான் ஆங்கிலேய வீடுகளில் அதைப் புளிக்கவைக்க முடிந்தது.

புளிக்கவைக்கும் வேலை அந்த வீடுகளில் ஒரு சின்ன 'செடி'யைச் சார்ந்திருந்தது. ஜிஞ்சர் பியர் செடி என்று பெயர். பார்க்க ஊறிய சவ்வரிசி போல, வெண்மையாக, கொழகொழவென்று இருக்கும். சீனித் தண்ணீரிலும் இஞ்சியிலும் போட்டால் பெருகும். பெருகியதில் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பார்கள், நாம் உறைமோர் கொடுப்பது போல. அதை ஆராய்ந்து 1892இல் பெரிய கட்டுரை வெளியிட்டவர் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர். அது செடியே இல்லை, ஒரு ஈஸ்ட்டும் ஒரு பாக்டீரியாவும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் கூட்டு என்று கண்டார். இரண்டையும் தனித்தனியே பிரித்து வளர்த்து, மறுபடி சேர்த்துவைத்து, செடி உருவாவதையும் காட்டினார். ஈஸ்ட் சீனியைத் தின்று கரியமில வாயுவையும் கொஞ்சம் மதுசாரத்தையும் விடும். பாக்டீரியா புளிப்பைக் கொடுக்கும், கொழகொழப்பான உறையையும் அதுதான் நெய்யும். இந்த மார்ஷல் வார்ட், ஹென்றி வார்ட் அல்லர். ஆனால் இவரும் இலங்கைக்கு வந்தவரே. 1880 முதல் இரண்டு ஆண்டுகள் மலையகத்தில் தங்கி, கோப்பிச் செடியை அழித்துக்கொண்டிருந்த இலைத் துரு நோய் பூஞ்சணத்தால் வருகிறது என்று ஆராய்ந்து எழுதினார். நோய் நிற்கவில்லை. கோப்பி போய்த் தேயிலை வந்தது. தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த மக்களின் பிள்ளைகள் தேயிலைக்குள் போனார்கள். அந்தத் தோட்டங்களில் பூஞ்சணத்தைத் துரத்திய அதே கண்கள்தான் பத்து ஆண்டுகள் கழித்து ஜிஞ்சர் பியர் சாடிக்குள் பார்த்தன.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அது சொல்லைப் பற்றியது.

ஆங்கிலத்தின் 'ஜிஞ்சர்' பழைய பிரெஞ்சு வழியாகவும் இலத்தீன் வழியாகவும் வந்தது. இலத்தீனின் 'ஸிங்கிபெர்' கிரேக்கத்தின் 'ஸிங்கிபெரிஸ்' இலிருந்து வந்தது. கிரேக்கத்துக்கு அது பாலி போன்ற இந்திய மொழியொன்றின் 'சிங்கிவேர' என்ற வடிவத்திலிருந்து போனது. 'சிங்கிவேர' எங்கிருந்து? சொல்லின் கடைசித் துண்டைத் தமிழ் தெரிந்தவர் யாரும் அடையாளம் கண்டுகொள்வார்: வேர். முன் துண்டு இஞ்சி. மிகப் பழைய திராவிட வடிவத்தில் அதன் தொடக்கத்தில் சகரம் இருந்தது, தமிழில் அது உதிர்ந்துபோனது என்பது மொழியியலாளர்களின் விளக்கம். சமஸ்கிருதக்காரர்கள் இந்தச் சொல்லைத் தங்களுக்குப் புரியும்படி 'சிருங்கவேர' என்று மாற்றி, கொம்பு போன்ற உடலுடையது என்று பொருள் சொல்லிக்கொண்டார்கள். கிளைவிட்ட இஞ்சிக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. அலன் ராஸ் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் இந்த ஒரு சொல்லின் பயணத்துக்காகவே 1952இல் ஒரு நூல் எழுதினார். கிழக்கிலிருந்து மேற்கு வரை அத்தனை மொழிகள் அதற்குள் வருகின்றன. அரபியில் அது 'ஸன்ஜபீல்'. குர்ஆனின் 76ஆம் அத்தியாயத்தில் சொர்க்கத்தில் புகட்டப்படும் கிண்ணத்தில் கலந்திருப்பது அதுதான். கவனியுங்கள், அங்கேயும் பானம்.

முதலாம் நூற்றாண்டில் டியோஸ்கோரிடிஸ் என்ற கிரேக்க மருத்துவர் ஸிங்கிபெரிஸைப் பற்றி எழுதியிருக்கிறார்: மிளகின் சுவையுள்ள சிறு வேர்கள், உடலுக்குச் சூடு தரும், செரிமானத்துக்கு நல்லது என்று. நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதற்கும் அதற்கும் ஒரு சொல் வித்தியாசமில்லை. அதே காலத்து ரோமரான பிளினி, இஞ்சி மிளகு மரத்தின் வேர் என்று பலர் நினைப்பது தவறு என்று திருத்துகிறார். விலையையும் குறித்துவைக்கிறார்: இராத்தலுக்கு 6 தினாரியஸ். கறுப்பு மிளகு 4தான். இஞ்சி அப்போது மிளகைவிட விலை கூடிய சரக்கு.

ஆக, இஞ்சிவேர் என்ற சொல் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்தில் கரையேறிவிட்டது. அங்கிருந்து ரோமுக்கும் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடந்தது. இங்கிலாந்தில் 'ஜிஞ்சர்' ஆகித் தேய்ந்து, பியரோடு சேர்ந்து, சிப்பாயின் வாயில் ஏறி 19ஆம் நூற்றாண்டில் மறுபடி கிரேக்கக் கரையில் இறங்கியது. தன் பழைய சொல்தான் திரும்பி வந்திருக்கிறது என்று கிரேக்கத்துக்கு அடையாளம் தெரியவில்லை. 'ட்ஸிட்ஸி' என்று புதிதாகப் பெயர் வைத்தது. இப்போது கடைகளில் இஞ்சியை 'ட்ஸின்ட்ஸெர்' என்றும் விற்கிறார்கள், அது மூன்றாவது வருகை. இன்னொரு பெயரும் உண்டு: 'பிப்பெரோரிஸா'. அதன் பொருள் மிளகு வேர். பிளினி மறுத்த அதே நினைப்பு இன்றும் பெயராக இருக்கிறது.

'ட்ஸிட்ஸிபீரா'வில் வேர் எங்கே போயிற்று என்று தேடினேன். 'ஸிங்கிபெரிஸ்' இல் உள்ள 'பெர்' நம் 'வேர்'. ஆங்கிலம் அதைத் தேய்த்து வெறும் 'அர்' ஒலியாக்கிவிட்டது. கிரேக்கம் அந்த மிச்சத்தையும் உதிர்த்துவிட்டது. 'பீரா'வில் ஒலிப்பது பியர்தான், வேர் அல்ல. இஞ்சியின் சாயல் மட்டும் 'ட்ஸிட்ஸி' என்று எஞ்சி நிற்கிறது.

இதைச் சொல்வதால் கோர்ஃபுவின் பானம் தமிழருடையது என்று உரிமை கோருவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இஞ்சியே தென்கிழக்காசியத் தீவுகளின் பயிர். அங்கிருந்து கடலோடிகள் கொண்டுபோய்ப் பரப்பியது. காட்டில் தானாக விளையும் இஞ்சி இன்று எங்கும் இல்லை, மனிதக் கை நட்டால்தான் உண்டு. மதுரைக்காஞ்சி பாண்டிய நாட்டு வளத்தைப் பாடும்போது இஞ்சியையும் மஞ்சளையும் ஒன்றாகச் சொல்கிறது. அதற்கு முன்பே அது நம் ஊருக்கு வந்து சேர்ந்து, நம் சொல்லைப் பெற்று, சொல்லோடு மேற்கே போயிருக்கிறது. பெயர் கொடுத்தவர்கள் என்ற சொந்தம் நமக்கு உண்டு. அந்தச் சொந்தம் எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

ட்ஸிட்ஸிபீரா ஆங்கிலேய ஜிஞ்சர் பியரின் நகல்தானா? இல்லை என்பது என் எண்ணம், காரணம் எலுமிச்சை. கோர்ஃபுவில் இஞ்சி கப்பலில் வர வேண்டிய பொருள். எலுமிச்சையோ முற்றத்தில் காய்க்கிறது. நம் சின்னத் தேசிக்காய் அல்ல, தடித்த தோலும் அதில் நிறைய எண்ணெயும் உள்ள பெரிய மஞ்சள் எலுமிச்சை. தூரத்துப் பொருளைக் குறைத்து வீட்டுப் பொருளைக் கூட்டுவது எந்தச் சமையற்கட்டிலும் நடப்பது. பழைய ஆங்கிலச் செய்முறைகளில் பெரும்பாலும் இடித்த காய்ந்த இஞ்சி, அதாவது சுக்கு. இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற பொருள் ஷோகயால் என்ற இன்னும் காரமான பொருளாக மாறுகிறது. சுக்குக் கோப்பி தொண்டையைப் பிடிப்பதும் பச்சை இஞ்சிச் சம்பல் அப்படிப் பிடிக்காததும் இதனால்தான். பச்சை இஞ்சிக்கும் எலுமிச்சை எண்ணெய்க்கும் மாறிய கோர்ஃபுப் பானம் காரம் தணிந்து மணம் ஏறிய வேறொரு பிள்ளையாக வளர்ந்துவிட்டது.

அந்த வித்தியாசத்தை நாக்கில் அறிய வேண்டும் என்று வீட்டில் செய்து பார்த்தேன். 2 லீற்றர் தண்ணீர், 200 கிராம் சீனி, 100 கிராம் பச்சை இஞ்சி, கடையில் கிடைத்த பெரிய எலுமிச்சை இரண்டு. தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் சீவி இஞ்சியோடு கொதிநீரில் போட்டு மூடினேன். வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். ஆறி வெதுவெதுப்பானதும் சாற்றைப் பிழிந்து, பாண் செய்யும் ஈஸ்ட் கால் தேக்கரண்டி. ஈஸ்ட்டுக்குச் சூடு ஆகாது, கொதிக்கும்போது போட்டால் செத்துவிடும். எங்கள் வெப்பத்தில் ஒரு இரவு போதும், காலையில் மேலே மெல்லிய நுரை. வடித்துப் போத்தலில் ஊற்றினேன். கண்ணாடிப் போத்தலோடு பிளாஸ்டிக் போத்தல் ஒன்றிலும் ஊற்றிவைத்தது பயன்பட்டது. அதை அமுக்கிப் பார்த்துக் கல் போல இறுகியதும் எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டிக்குள் மாற்ற வேண்டும். இன்னும் ஒரு நாள் வெளியே விட்டால் கண்ணாடி வெடிக்கும், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. அந்தக் காலத்தில் கண்ணாடிக்குப் பதில் தடித்த சுட்ட மண் போத்தல்களைப் பயன்படுத்தித் தக்கையைக் கயிற்றால் கட்டியதன் நியாயம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அம்மாவுக்கு ஒரு குவளை கொடுத்தேன். "பானக்கம் மாதிரியெல்லோ கிடக்கு, பொங்கி வந்த பானக்கம்" என்றா. அந்த ஒப்பீடு சரிதான் என்று பிறகு யோசித்தபோது தோன்றியது. இனிப்பு, புளிப்பு, இஞ்சி. கோயில் பானக்கத்தில் வெல்லமும் சுக்கும் ஏலமும். புளிக்கவிடுவதில்லை, அன்றைக்கே முடித்துவிடுவோம்.

கடைசியாக ஒரு கேள்வி. இங்கிலாந்தில் புளிக்கவைத்த ஜிஞ்சர் பியர் பெரும்பாலும் தொழிற்சாலைச் சோடாவாக மாறிவிட்டபோது, ட்ஸிட்ஸிபீரா எப்படிப் பழைய முறையில் தங்கியது? அது பயணத்துக்கு ஆகாத பானம் என்பதுதான் என் விளக்கம். வாயுவைச் செயற்கையாக ஏற்றாமல் புளிப்பில் பிறக்கவிடும் பானத்தில் ஈஸ்ட் போத்தலுக்குள்ளும் வேலை செய்துகொண்டே இருக்கும். சூடு பட்டால் பொங்கும், நாளானால் இனிப்பு குறைந்து மதுசாரம் ஏறும். அதைக் கப்பலேற்றி ஏதென்ஸில் விற்கப் போனால் போத்தல்கள் வழியிலேயே தகராறு செய்யும். அதனால் பெரிய சந்தை அதைத் தேடி வரவில்லை. சிறிய தயாரிப்பாளர்கள் தீவுக்குள்ளேயே செய்து அந்தக் கோடையிலேயே விற்றார்கள். தலைமுறைக்கு ஒருவர் இருவர் கையில் செய்முறை இருந்தால் போதுமாக இருந்தது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது, அந்த ஒருவர் இருவர் நிறுத்திவிட்டால் பெயர் மட்டும்தான் மிஞ்சும். பன்னீர் சோடாவுக்கும் கோலி சோடாவுக்கும் எத்தனை ஊர்களில் அது நடந்துவிட்டது என்பதை நாம் கண்ணால் பார்த்தவர்கள்.

லிஸ்டன் வளைவுகளுக்குக் கீழே உட்காரும் வாய்ப்பு உங்களில் யாருக்காவது கிடைத்தால், கோப்பி கேட்காமல் ட்ஸிட்ஸிபீரா கேளுங்கள். வலப்பக்கமோ இடப்பக்கமோ திரும்பினால் பிரித்தானியர் மால்ட்டாவிலிருந்து சுண்ணாம்புக் கல் இறக்கிக் கட்டிய மாளிகை தெரியும். அதன் முன்னால் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஃபிரெடரிக் அடம் என்ற உயர் ஆணையாளரின் சிலை நிற்கிறது. பெனிட்ஸெஸ் என்ற ஊரின் ஊற்றிலிருந்து குழாய் போட்டு 1831இல் நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தவர். அதற்கு முன் மழைநீர்த் தொட்டிகளை நம்பியிருந்த ஊர் அது. பரிமாறுபவரிடம் 'இஞ்சி' என்று சொல்லிப் பாருங்கள், அவருக்குப் புரியாது. பெயரை அவர் வாயால் இன்னொரு தடவை சொல்லக் கேளுங்கள்.